‘எனக்குள் ஊழியக்காரியின் மனம் இல்லையா?’

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். வயது 43. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். நாகவாராவில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் தமிழ்ச் சபையில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறேன், அறுப்பின் பண்டிகைப் பொது விருந்தான அசனத்தையும் முன்னின்று நடத்துகிறேன். இந்த வருடம் 350 பேருக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை சிட்டி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கியதிலிருந்து ஞாயிறு மாலை கடைசி அண்டாவைக் கவிழ்த்தது வரை நான்தான். ஆள் போதாததால் என் வீட்டில் வேலை செய்யும் அக்காவையும் பாத்திரம் கழுவ அழைத்துப் போயிருந்தேன். பந்தி முடியும் நேரம் செயலாளர் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பந்தல்காரர், சவுண்ட் செட்காரர் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை. “நீ ஆண்டவருக்காகச் செய்தாயா, மைக்குக்காகச் செய்தாயா?” என்று கணவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் ஆயர் ‘ஊழியக்காரனின் மனம்’ பற்றியே பிரசங்கித்தார். எனக்கென்றே பேசியதுபோல் குத்தியது. இப்போது சபைக்குப் போகிறேன், மனம் ஒட்டவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு உதவி செய்துவந்த 15 வயது மகள், “உன்னை மாதிரி நான் ஏமாற மாட்டேன், இனி வரமாட்டேன்” என்கிறாள். எனக்குள் ஊழியக்காரியின் மனம் இல்லையா? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் உங்களை அதிகம் வதைக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் ஆண்டவருக்காகத்தான் செய்தீர்கள். பெயர் வராதது வலித்ததும் நிஜம். இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும். வலித்துவிட்டது என்பதால் செய்தது பொய்யாகிவிடாது. பெயருக்காக மட்டும் வருகிறவர் மார்க்கெட் சேற்றில் நின்று வெங்காய மூட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

நன்றியை எதிர்பார்ப்பதே பாவம் என்பதுபோல ஒரு பேச்சு நம் சபைகளில் உண்டு. பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில், ரோமர் 16ஆம் அதிகாரத்தை இன்று இரவு நிதானமாக வாசித்துப் பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம் அது. பவுல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பலருக்கு அவர்கள் செய்ததையும் சொல்லி வாழ்த்துகிறார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், பவுலின் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், ‘எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாள்’ என்று போகிறது. அந்த மரியாள் என்ன வேலை செய்தாள் என்று நமக்குத் தெரியாது. பாடுபட்டாள் என்பது மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களாக நிற்கிறது. பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியுவுக்கும் தன் வாழ்த்தைச் சொல்ல ஒரு வரி கிடைத்திருக்கிறது. சபை நன்றி சொல்ல வேண்டும். சொல்லும்போது அடுப்படிப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். உங்கள் செயலாளர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கவனக்குறைவுக்கு ‘ஆண்டவர் தரும் தாழ்மைப் பயிற்சி’ என்று பெயர் வைத்து நீங்கள் விழுங்க வேண்டாம். விழுங்கியது அப்படியே உள்ளே கிடக்கும். சபைக்குப் போயும் மனம் ஒட்டவில்லை என்கிறீர்களே, அது இதனால்தான்.

அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். நடுவில் ஆயரின் மனைவி ஐயரம்மாவோ சங்கத் தலைவியோ வேண்டாம், வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். “அண்ணாச்சி, அன்றைக்கு நன்றி சொன்னபோது சமையல் பக்கம் நின்ற ஒருத்தர் பெயரும் வரவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. மனசில் வைத்துக்கொள்ளாமல் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று வந்தேன்.” இவ்வளவு போதும். அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். “இதுக்கெல்லாமா?” என்று சிரித்தாலும் நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊழியக்காரனின் மனம் என்றாலே, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்துக்குப் போவோம். பெரிய வியாழன் ஆராதனையில் தண்ணீர், பாத்திரம், சீலை என்று நேராக நான்காம் வசனத்தில் இறங்கிவிடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தின வசனம். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே போகிறவர் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்கிறது அது. அறிந்துதான் பந்தியை விட்டு எழுந்தார், வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார், சீலையை எடுத்து இடுப்பில் கட்டினார். தாம் யார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதனால் பன்னிரண்டு பேருடைய புழுதிக் காலுக்கு முன்னால் குனிந்ததில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தான். அவன் காலும் கழுவப்பட்டது.

அதே இராப்போஜனத்தில் சீஷர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் நடந்ததை லூக்கா சொல்கிறார். அந்தச் சீலையைக் கையிலெடுக்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் இடம் எது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களால் எப்படிக் குனிய முடியும்? ஆலோசனைக்கு வருகிற சபை ஊழியர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதுதான். செய்கிற வேலையிலிருந்துதான் தன் மதிப்பு வருகிறது என்றிருந்தால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. பாராட்டு கிடைத்த வாரம் நன்றாகப் போகும். கிடைக்காத வாரம் வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. அசனம் இல்லை, ஓய்வுநாள் பள்ளி இல்லை, சங்கம் இல்லை. அப்போது இந்தச் சபையில் நீங்கள் யார்? யோசிக்கவே பயமாக இருந்தால் அந்தப் பயத்தோடு கொஞ்ச நேரம் ஜெபத்தில் உட்காருங்கள். நாசரேத் பக்கம் என்கிறீர்கள். அநேகமாகக் கைக்குழந்தையாக இருந்தபோதே உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கும். ஆயர் உங்களைக் கையில் வாங்கிப் பெயர் சொன்னார். அன்றைக்கு நீங்கள் யாருக்கும் ஒரு பிடி சோறு பரிமாறியிருக்கவில்லை. பால் குடித்துவிட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை நீங்கள். அந்தப் பிள்ளையைத்தான் தேவன் தம்முடையவள் என்றார். அதற்குப் பிறகு நீங்கள் செய்த எந்த வேலையும் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதை அறிவால் ஒத்துக்கொள்வது சுலபம். உள்ளே இறங்குவதற்கு நாளாகும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால், ஒன்றும் கேட்காமல், வாக்குறுதி எதுவும் கொடுக்காமல், பத்து நிமிஷம் அவர் முன் சும்மா உட்கார்ந்து பழகுங்கள். இடைவிடாமல் ஓடுகிற உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான பயிற்சி இல்லை. அதனாலேயே சொல்கிறேன்.

உங்கள் ஆயரின் பிரசங்கத்தை நான் கேட்கவில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்கிறேன். நம் சபைகளில் தாழ்மையைப் பற்றிய போதனை அநேகமாக ஏற்கனவே குனிந்து நிற்பவர்களுக்கே போய்ச் சேர்கிறது. பெருக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், பெண்கள், சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள். ஆண்டவர் அதை யாருக்குச் சொன்னார் என்று பாருங்கள். ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்’ வந்தேன் என்று அவர் சொன்னது வலது பக்கமும் இடது பக்கமும் ஆசனம் கேட்டு வந்த யாக்கோபுக்கும் யோவானுக்கும், அவர்கள் முந்திக்கொண்டார்களே என்று எரிச்சல்பட்ட மற்றப் பத்துப் பேருக்கும். பதினெட்டு வருஷமாய்க் கூனிக்கிடந்த பெண் ஜெப ஆலயத்துக்கு வந்தபோது, இன்னும் கொஞ்சம் குனி என்று அவர் சொல்லவில்லை. நிமிர்த்தினார். ஆபிரகாமின் குமாரத்தி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ‘அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்’ என்ற வசனமும் அப்படித்தான். அது நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதற்கு. சாப்பிட்டு எழுந்தவர் சமைத்தவரைப் பார்த்துச் சொல்வதற்கு இல்லை.

சரி, வேலைச் சுமைக்கு வருவோம். மூன்று நாள் ஒரே ஆள் ஓடியதை நீங்கள் அர்ப்பணிப்பு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது சபையின் ஏற்பாட்டில் இருக்கும் குறையாகவே தெரிகிறது. நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பல, பெரிய வியாதி என்றால் காட்பாடிக்கு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி.க்குப் போவோம். மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அது. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே என்ற மாற்கு 10ஆம் அதிகார வார்த்தைதான் அதன் குறிக்கோள் வாசகம். அந்த வாசகத்தை வைத்திருக்கும் இடத்திலும் நர்ஸுகளுக்கு ஷிப்ட் உண்டு, வார விடுமுறை உண்டு. ஊழியம் என்பதற்காக ஒரே நர்ஸை இரவு பகலாக நிற்க வைத்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையிலும் சாப்பாட்டுப் பிரச்சினைதான். கிரேக்க மொழி பேசிய விதவைகளை அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கமாக இருக்கச் சொல்லி அனுப்பவில்லை. சபையைக் கூட்டி, பொறுப்பான ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, தலையில் கை வைத்து ஜெபித்து, வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நீங்களும் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்குவது, நறுக்குவது, பரிமாறுவது, கழுவுவது என்று நான்கு குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். பாத்திரம் கழுவுவதை ஆண்கள் ஐக்கிய சங்கம் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கணவர் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கட்டும். ஆண்டவருக்காகவா மைக்குக்காகவா என்ற கேள்விக்கு அடிப்பிடித்த அண்டாவின் முன்னால் நின்று அவரும் பதில் தேடலாம், அது அவருக்கும் நல்லது. நான்கு குழு அமையாவிட்டால் அடுத்த வருடம் அசனப் பொறுப்பை எடுக்காதீர்கள். ஒரு வருடம் கேட்டரிங்காரரிடம் சொல்லிச் சாப்பாடு வந்தால் பண்டிகை ஒன்றும் கெட்டுவிடாது.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘என் வீட்டில் வேலை செய்யும் அக்காவையும் பாத்திரம் கழுவ அழைத்துப் போயிருந்தேன்.’ அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அது அவருடைய ஓய்வு நாளா? அன்றைய வேலைக்குத் தனியாகக் கூலி கொடுத்தீர்களா? எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்? அல்லது எல்லாம் முடிந்தபின் மிஞ்சியதைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாரா? பந்தல்காரர் பெயர் வந்தும் உங்கள் பெயர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்காவின் பெயர் உங்கள் கடிதத்திலும் வரவில்லை.

குற்றம் பிடிக்க இதைக் கேட்கவில்லை. ஊழியக்காரியின் மனத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்று கேட்டீர்கள், அதற்கான இடம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது என்று நம்புகிறேன். இந்த ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் பெண்களில் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். விடியுமுன் சொந்த வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, நாலைந்து வீடு ஏறி இறங்கி, மாலையில் திரும்பி மறுபடி சமைக்கிறவர்கள். அவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் கிறிஸ்தவ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெரிய வியாழன் அன்று கால் கழுவும் ஆராதனையில் கண் கலங்குகிற குடும்பங்கள்தான் அவை. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணமே, நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பதுதான். நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்று அதற்கு அடுத்த வசனம் சொல்கிறது.

அதனால் முதலில் அவரிடம் போங்கள். பெரிய சடங்கு எதுவும் வேண்டாம். காலைக் கழுவுகிறேன் என்று தண்ணீரோடு போய் நின்றால் அவர் சங்கடப்பட்டு ஒதுங்குவார். டீ போட்டு, நீங்கள் குடிக்கிற அதே டம்ளரில் அவருக்கும் ஊற்றிக்கொடுத்து, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். “அன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு யோசிக்காம உங்களைக் கூட்டிட்டுப் போயிட்டேன்க்கா. சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்கல. மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லி, அன்றைய கூலியைக் கையில் கொடுங்கள். வாரம் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் லீவு என்று பேசி முடிவு செய்யுங்கள். எந்த நாள் என்பதை அவர் சொல்லட்டும். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது இதில் ஒரு விஷயமே இல்லை. அவரைச் சபைக்கு வரவழைக்கும் உபாயமாகவும் இதைச் செய்யாதீர்கள்.

அவருடைய லீவு நாளில் தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தை நீங்களும் உங்கள் கணவரும் மாறி மாறிக் கழுவுங்கள். யாருக்கும் தெரியாத, யாரும் நன்றி சொல்லாத வேலை அது. முதல் சில வாரம் எரிச்சல் வரும். வரட்டும், எரிச்சலோடேயே கழுவுங்கள். உங்களுக்குள் எப்போது என்ன மாறுகிறது என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சபையில் பெயர் சொல்கிறார்களா இல்லையா என்பது ஒரு நாள் உங்களைப் பழையபடி குத்தாமல் போகலாம். குத்தினாலும், அதே நேரத்தில் பின்கட்டில் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று உங்கள் கண் தேடும்.

கடைசியாக உங்கள் மகள். ‘உன்னை மாதிரி ஏமாற மாட்டேன்’ என்று அவள் சொன்னது திமிர் இல்லை. தன் அம்மா அழுததைப் பார்த்த பிள்ளையின் கோபம் அது. அவளுக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். செயலாளரிடம் நீங்கள் பேசியதையும் அவர் சொன்ன பதிலையும் அவளிடம் அப்படியே சொல்லுங்கள். அம்மா அழுதுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதை மட்டும் அவளுக்குப் பாடம் நடத்துவதற்காக அவள் முன்னால் செய்யாதீர்கள். வீட்டில்தானே இருக்கிறாள், அவளே பார்த்துக்கொள்வாள். ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளரிடம் இந்த வருட உதவியாளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்தாயிற்று, இது தண்டனை இல்லை, எப்போது வர நினைத்தாலும் வரலாம் என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள்.